பிறந்த வீட்டுக் கையெழுத்து

கருவக்குடி துணை சுகாதார நிலையம்,
திருச்சுழி வழி.
11.2.92

அண்ணாச்சிக்கு,

நர்ஸ் குருவம்மாள் எழுதுவது. சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடிக் காதுகுத்துக்கு உங்களை எதற்குக் கூப்பிட்டேன்? மைக் செட்டு இருக்கும், நாலு ஊர்ச் சனம் இருக்கும், பந்திக்கு முன்னால் பத்து நிமிஷம் கண் தானம் பற்றிச் சொல்லுங்கள் என்றுதானே? உக்கிரபாண்டி அண்ணனிடம் கெஞ்சி அந்தப் பத்து நிமிஷத்தை வாங்கினேன். கடைசித் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, அவர் தாய்மாமன், கழுத்தில் மாலையும் கையில் சந்தனமுமாகப் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்துக்கு நேராக "தாய்மாமன் என்பது என்ன பதவி?" என்று கேட்டீர்களே, அண்ணாச்சி, உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா?

கண்ணைப் பற்றிப் பேசியது மூன்று நிமிஷம். மிச்சமெல்லாம் பிறந்த வீட்டுச் சீரும், செத்தால் போடுகிற கோடிச் சேலையும்தான். "ஒரு சேலையைப் போட்டுவிட்டுப் பெண்ணின் பிணத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறீர்கள். அவள் கண்ணைக் கொடுக்க அண்ணன் தம்பி கையெழுத்து எதற்கு?" என்றீர்கள். மைக் செட்டுக்காரர் ஒயரைப் பிடுங்கின பிறகும் வெறும் தொண்டையில் விடாமல் பேசினீர்கள்.

அந்தக் கையெழுத்தை யார் வாங்கச் சொன்னது? நான்தான். முதல் வருஷம் புருஷன், மகன் சம்மதம் மட்டும் வாங்கி என்ன ஆனது என்று மறந்துவிட்டீர்களா? இரண்டு கேதம் விழுந்தது; இரண்டு சாவு வீட்டிலும் பிறந்த வீட்டார் வந்து, "எங்க பொண்ணு மூஞ்சிய நாங்க பாக்கும் முன்னால எவன்டா தொட்டது?" என்று மறித்தார்கள். மதுரை ஆஸ்பத்திரி ஜீப் வெறுமனே திரும்பியது. அதற்கப்புறம்தான் கண் தானப் பாரத்தின் அடியில் "பிறந்த வீட்டார் சம்மதம்" என்று ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு மருமகளுக்கும் அவள் அண்ணன் தம்பி எந்த ஊர் என்று விசாரித்து, தடுப்பூசி போடப் போகிற சாக்கில் போய், நாற்பத்தியோரு கையெழுத்து வாங்கினேன். மூன்று வருஷ வேலை.

ஞாயிறு போய் இன்றைக்குச் செவ்வாய். பதினான்கு பாரம் திரும்பி வந்துவிட்டது. ஒருத்தர் இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டையும் பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உக்கிரபாண்டி அண்ணன் இன்னும் பாரத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் என்னோடு பேச்சு இல்லை. அவருடைய அக்கா ராக்கம்மாள் மதினிக்கு இதயம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறார்கள். இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தானாகக் கூப்பிட்டு "என் கண்ணை எடுத்துக்கோ" என்று சொன்ன ஒரே மனுஷி. அந்தக் கண் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தப் பக்கம் பழகிவிடும் என்று எத்தனை தடவை பேசியிருப்போம்.

ஒரு கடுதாசி போதும். உக்கிரபாண்டி அண்ணனுக்கு வருத்தம் தெரிவித்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
குருவம்மாள்


அருப்புக்கோட்டை
14.2.92

அன்புத் தங்கச்சி குருவம்மாளுக்கு,

தங்கசாமி எழுதுவது. மூன்று நிமிஷம் என்று மணி பார்த்திருக்கிறாய். நாடி பிடித்துப் பழகின கை அல்லவா, சும்மா இருக்காது.

நான் கண் தானச் சங்கத்துக்குச் செயலாளர். அதற்காக என் வாய் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த வாய் ஆகிவிடாது. இரும்புக் கடையில் உட்கார்ந்து ஆணியும் கம்பியும் நிறுத்துப் போடுகிற நேரம் போக மிச்ச நேரத்தில், எனக்குச் சரியென்று பட்டதைச் சொல்கிறேன். முப்பது வருஷமாகச் சொல்கிறேன். என் மகன் உதயகுமார் கல்யாணத்தில் சொல்லி, சம்பந்தக்காரர் பந்தியில் இருந்து எழுந்து போனார். அதுவே என்னை மாற்றவில்லை. உன் உக்கிரபாண்டியா மாற்றப் போகிறார்?

செத்த பிறகு கண்ணைக் கொடு என்று கேட்கிறோம். உடம்பு வெறும் உடம்புதான் என்று அவர்கள் நம்பினால்தானே கொடுப்பார்கள்? நீயோ, "உங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்புக்கு நீங்களும் சொந்தக்காரர், கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்கிறாய். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உன் உழைப்பைப் பார்த்துத்தான் மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்று கவனித்தாயா? ஆண்கள் கூச்சல் போட்டார்கள். பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தியும் எழுந்து போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினான்கு போனால் போகட்டும். புரிந்து கொடுக்கிற ஒன்று போதும். ராக்கம்மாளின் கண் ராக்கம்மாளுடையது. அந்த அம்மாள் சரியென்றால் சரி. மன்னிப்பு கேட்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
தங்கசாமி


கருவக்குடி
20.2.92

அண்ணாச்சிக்கு,

பெண்கள் எழுந்து போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போவார்கள்? பந்தி இன்னும் போடவில்லை.

மேலே உள்ள வரியைக் கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அதை அடித்துவிடவும் இல்லை. நீங்கள் தப்பாகப் பேசினீர்கள் என்று நான் எங்கேயாவது எழுதினேனா? நானும் ஒரு வீட்டில் பிறந்து ஒரு வீட்டில் வாழ்கிறவள்தான். எனக்கு அதெல்லாம் தெரியாதா? நான் கேட்பது ஒன்றே ஒன்று. கண்ணா, உங்கள் பேச்சா? இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும் கிடைக்காது. இது உங்களுக்கு ஏன் விளங்கமாட்டேன் என்கிறது?

நேற்று ராக்கம்மாள் மதினியைப் பார்க்கப் போனேன். அவர்கள் மகள் வெள்ளைத்தாய் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கரிமூட்டத்துக்கு விறகு வெட்டும்போது வேலிக்கருவை முள் குத்தி வெளுத்துப் போன அந்தக் கண்ணை, நீங்கள் மதுரைக்குக் கூட்டிப் போய் ஒன்பது மாதம் அலைந்து, யாரோ ஒரு புண்ணியவதியின் கண்ணை வைத்து மீட்டுக் கொண்டுவந்தீர்களே, அந்தக் கண்ணாலேதான் பார்த்துக் காய்ச்சுகிறாள். மதினி அதைக் காட்டி, "யாரு பெத்த பிள்ள கண்ணோ, எம் மகளுக்கு வந்துச்சு. நானும் ஒருத்திக்குக் குடுத்துட்டுப் போயிறணும் குருவு" என்றார்கள்.

உங்கள் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. "அண்ணாச்சி நல்ல மனுசன். வாயிதான் ஆகாது" என்றார்கள், மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்கள்.

பாரம் இப்போது இருபத்தொன்று திரும்பிவிட்டது. தயவுசெய்து இனி இந்தப் பக்கம் எந்தக் கூட்டத்திலும் பேச வேண்டாம்.

குருவம்மாள்


அருப்புக்கோட்டை
26.2.92

தங்கச்சிக்கு,

பேச வேண்டாம் என்றாய். பேசவில்லை. அச்சடித்துவிட்டேன். நோட்டீஸ் ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். "பெண்ணின் கண் பெண்ணுக்கே சொந்தம்" என்பது தலைப்பு. ஆயிரம் பிரதி. பஸ் ஸ்டாண்டில் நானே நின்று கொடுத்தேன். பந்தல்குடி பஸ்ஸிலும் காரியாபட்டி பஸ்ஸிலும் ஏறி சீட்டு சீட்டாக வைத்தேன். கண்டக்டர் முறைத்தார். இறங்கிவிட்டேன்.

உன் கடுதாசி வந்தபோது நோட்டீஸ் அச்சில் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், நிறுத்த மனசு வரவில்லை.

இருபத்தொன்று திரும்பி வந்தது என்கிறாய். அந்த இருபத்தொரு பேரும் நான் பேசாமல் இருந்திருந்தால் கண்ணைக் கொடுத்திருப்பார்கள் என்று உனக்கு யார் சொன்னது? கேத வீட்டில் வந்து மறித்திருப்பார்கள். இப்போதே தெரிந்துபோனது நல்லது.

உன்னால் முடிந்தவரை நீ நயமாகப் போ. என்னால் நயமாகப் போக முடியாது.

தங்கசாமி


கருவக்குடி
2.3.92

அண்ணாச்சி,

உங்கள் நோட்டீஸ் நீங்கள் அனுப்பின கவரில் வருவதற்கு முன்னாலேயே உக்கிரபாண்டி அண்ணன் கையில் இருந்து எனக்கு வந்துவிட்டது. பந்தல்குடி பஸ்ஸில் வைத்தீர்களே, அதுதான். நாலாக மடித்து, மகன் மருதுபாண்டியிடம் கொடுத்தனுப்பினார். கூடவே சொல்லியனுப்பின வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கக்கா கண்ணு எங்கக்காளுக்குத்தான் சொந்தமாம். சரி, அவுக இஷ்டம்போலக் குடுக்கட்டும். நாங்க குறுக்க நிக்கல. உரிமையில்லாத எடத்துக்குக் கோடி எதுக்கு? எங்க வீட்டுக் கோடி வராது."

எப்படி மடக்கிவிட்டார் பார்த்தீர்களா? உங்கள் வாதத்தையே எடுத்து உங்களை அடித்தாயிற்று. ஆனால் அடி விழுந்தது உங்கள் மேல் இல்லை.

மதினியிடம் யாரும் சொல்லக்கூடாது என்று அவர்கள் வீட்டுக்காரர் மொக்கையனிடம் சத்தியம் வாங்கினேன். எப்படியோ காதுக்குப் போய்விட்டது. நேற்று ஊசி போடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சாவுக்குப் பயந்து ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. நேற்று பயந்தார்கள்.

"குருவு, எனக்குக் கோடி வராமப் போயிருமாடி? பொறந்த வீடு இல்லாத அநாதையக் கொண்டுபோற மாதிரி என்னையக் கொண்டுபோயிருவாகளா? நாலு பேரு என்ன சொல்லுவாக, எந் தம்பி என்னைய விட்டுட்டான்னுல்ல சொல்லுவாக."

அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்ததே மதினிதானாம். அம்மா செத்தபோது அவருக்கு ஆறு வயசு.

கொஞ்ச நேரம் கழித்து, "கண்ணு வேணாம்னு சொல்லிருவமா?" என்று கேட்டார்கள். உடனே வெள்ளைத்தாயைப் பார்த்துவிட்டு, "இல்லடி, குடுக்கணும்" என்றார்கள். பிறகு அழுதார்கள். அழுதால் மூச்சு முட்டுகிறது. சாகக் கிடக்கிற மனுஷியை, கண்ணா கோடியா என்று தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டீர்களே, அண்ணாச்சி. இதற்குத்தான் மூன்று வருஷம் நடந்தேனா நான்?

நாளைக்கு லீவு போட்டுவிட்டு உக்கிரபாண்டி அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

குருவம்மாள்


அருப்புக்கோட்டை
5.3.92

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசியை இரண்டு தடவை படித்தேன். என்னால் ஒரு மனுஷி அழுதாள் என்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் கல் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வழி இருக்கிறது. உக்கிரபாண்டி கோடி கொண்டுவரவில்லை என்றால் நான் கொண்டுவருகிறேன். வெள்ளைத்தாய்க்குக் கட்டு அவிழ்த்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ராக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எனக்குக் கூடப் பொறந்த பொறப்பு" என்று சொன்னார். சும்மா சொன்ன வார்த்தை இல்லை அது. அப்படியென்றால் தம்பிக்குள்ள உரிமை எனக்கும் உண்டு. நல்ல சுங்குடிச் சேலையாக எடுத்துவைக்கிறேன். அந்த அம்மாள் குறையில்லாமல் போகலாம். கண்ணும் போய்ச் சேரும்.

கோடியைத் திட்டினவன் கோடி போடலாமா என்று நீ கேட்பாய். நான் சம்பிரதாயத்துக்காகப் போடவில்லை. ஒரு பெண்ணின் மனசுக்காகப் போடுகிறேன். தவிர, கோடி என்பது ரத்தச் சொந்தம்தான் போட வேண்டும் என்று இல்லை, அன்புள்ள யாரும் போடலாம் என்று ஊருக்குக் காட்டினதாகவும் இருக்கும்.

இதை ராக்கம்மாளிடம் சொல். தைரியமாக இருக்கச் சொல்.

தங்கசாமி


கருவக்குடி
7.3.92

அண்ணாச்சி,

வேண்டாம். வேண்டவே வேண்டாம். தம்பி உயிரோடு இருக்கும்போது வேற்று வீட்டு ஆள் கோடி போட்டால் அந்தத் தம்பி செத்ததற்குச் சமம். உங்கள் ஆட்களிலும் அப்படித்தானே? உங்களுக்குத் தெரியாதா? இதை மதினியிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

உக்கிரபாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் உட்காரச் சொல்லவில்லை. நேற்று மறுபடியும் போனேன், மோர் கொடுத்தார்கள். இன்னொரு தடவை போக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் இருந்து மதுரைக்குச் சொல்ல உங்கள் கடைப் போனை விட்டால் வேறு வழி இல்லை. கேதம் விழுந்தால் திருச்சுழி தபாலாபீசில் இருந்து உங்களுக்குக் கூப்பிடுவேன். மதுரைக்குச் சொல்லுங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. கடைப்படியை விட்டு இறங்காதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

குருவம்மாள்


கருவக்குடி
20.3.92

தங்கசாமி அவர்களுக்கு,

நடந்ததை எழுதிவைத்துவிடுகிறேன். பின்னால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக்கூடாது பாருங்கள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மதினி போய்விட்டார்கள். இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே தலையணையை உயர்த்தி வைத்தேன். பன்னிரண்டு மணிக்குள் எடுத்தாக வேண்டும். உங்களுக்குப் போன் போட்டேன். "சொல்லிவிட்டேன், ஜீப் கிளம்பிவிட்டது" என்றீர்கள். அது வரைக்கும் சரி. பந்தல்குடிப் பக்கம் கேதம் சொல்ல ஆள் போனது.

பத்தரைக்கு ஜீப் வந்தது. முன் சீட்டில் இருந்து நீங்கள் இறங்கினீர்கள், கையில் தாம்பாளத்தில் சேலையோடு. நான் ஓடிவந்து, "போயிருங்க அண்ணாச்சி" என்று சொன்னேன். எல்லாரும் கேட்கச் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

மொக்கையன் அண்ணனும் வெள்ளைத்தாயும், "பொறந்த வீட்டு ஆளுக வந்து மூஞ்சி பாக்கட்டும், பெறகு எடுங்க" என்றார்கள். டாக்டர் நல்ல பிள்ளை, பொறுமையாக இருந்தார். பதினொன்றரைக்கு நான் தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போயிருக்கிறேன். திரும்பி வருகிறேன், சேலை உடம்பு மேல் கிடக்கிறது. பொம்பளைகள் அழுகையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறார்கள்.

பத்து நிமிஷத்தில் தெருமுனையில் மேளச் சத்தம். உக்கிரபாண்டி அண்ணன், அவர் பெண்டாட்டி ஈஸ்வரி, பங்காளிகள் எல்லாரும் கோடியோடு வந்துவிட்டார்கள். வந்துவிட்டார்கள்! வரமாட்டேன் என்றவர் வந்தார். யாரோ ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். மேளம் நின்றது. அவர் தெருவிலேயே நின்றார். "எங்கக்காளுக்கு வேற தம்பி இருக்கானாமே? அவனே தூக்கட்டும்." என்றார்.

உங்களைப் பங்காளிகள் கை வைக்காமல் ஜீப்பில் ஏற்றிவிட்டது டாக்டர்தான். அப்போதே மணி பன்னிரண்டரை. உங்கள் சேலையை எடுத்து வெளியே போட்டு, வாசல் தெளித்து, மூன்று பேர் போய்க் காலைப் பிடித்து, உக்கிரபாண்டி அண்ணன் உள்ளே வரும்போது மணி இரண்டு. கோடி போட்டார். அக்கா காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மதினி கேட்ட கோடி கிடைத்துவிட்டது. கண் மண்ணுக்குப் போய்விட்டது. பஞ்சை நான்தான் எடுத்தேன். ஈரம் காயவிடாமல் கடைசிவரை நனைத்துக்கொண்டே இருந்தேன், என்ன பிரயோசனம்?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

குருவம்மாள்


அருப்புக்கோட்டை
2.4.92

தங்கச்சி குருவம்மாளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் படி.

எனக்கு ஒரு அக்கா உண்டு. கோகிலாம்பாள். காரியாபட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. 1958 சித்திரையில் பிரசவத்தில் போனாள். எனக்கு இருபது வயசு. அப்பாவும் நானும் கோடி எடுத்துக்கொண்டு போனோம். கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினது, சாதாரண நூல் சேலை. அக்கா மாமியார் வாசலிலேயே மறித்து, "கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தீக, கடைசிக்கு இதா?" என்றாள். சம்பந்தி வீட்டார் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சேலையைப் போடவிடவில்லை. அப்பா அங்கிருந்து மதுரைக்குப் போய்ப் பட்டு எடுத்து வந்தார். அது வரைக்கும் அக்கா அந்த வெயிலில் கிடந்தாள். எனக்கு ஈ விரட்டுகிற வேலை. அன்றைக்கு அக்கா முகம் எப்படி மாறியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லப் போவதில்லை. மேடையில் நான் கத்துவது எல்லாம் அந்த வாசலில் கத்த முடியாததுதான்.

புதன்கிழமை உன் போன் வந்ததும் மதுரைக்குச் சொன்னேன். கடையில் உட்கார்ந்துதான் இருந்தேன். சேலை மேஜை மேல் இருந்தது. ஜீப் டிரைவருக்குக் கருவக்குடிக்கு வழி தெரியாது, நான் காட்டுகிறேன் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன். உடம்பின் மேல் போட வேண்டும் என்று நான் வரவில்லை. மணி பதினொன்றரை ஆனது, டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோடி விழுந்துவிட்டால் எடுக்க விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. போட்டுவிட்டேன்.

தப்புச் செய்துவிட்டேன், தங்கச்சி. ஆனால் பேசினதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். பொய்யாக மன்னிப்பு கேட்டு உன்னை ஏமாற்ற எனக்குத் தெரியாது.

தங்கசாமி


கருவக்குடி
16.4.92

அண்ணாச்சிக்கு,

உங்கள் அக்கா விஷயத்தை இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அதைப் பந்தல்குடி மைக்கில் சொல்லியிருந்தால் உக்கிரபாண்டி அண்ணனே எழுந்து வந்து உங்கள் கையைப் பிடித்திருப்பார். சொல்ல வேண்டியதை உள்ளே பூட்டிவைத்துவிட்டு, அதில் இருந்து காய்ச்சி எடுத்த கசப்பை மட்டும் எல்லாருக்கும் ஊற்றினீர்கள்.

பதிலுக்கு எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. ராக்கம்மாள் மதினியின் பதினாறாம் நாள் காரியத்தில் ஈஸ்வரி மதினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்றைக்குப் பஸ் ஏறும்போதே உக்கிரபாண்டி அண்ணன் அவர்களிடம் சொன்னாராம்:

"அந்தப் புள்ள மூணு தடவ நடந்துருச்சு. அக்காவும் ஆசப்பட்டுச்சு. போயிக் கோடியப் போட்டுட்டு, எடுத்துக்கிருங்கன்னு சொல்லிருவோம். நம்ம வாயால சொல்லிருவோம்."

தெருமுனைக்கு அவர்கள் வந்தபோது மணி பதினொன்று நாற்பது. இருபது நிமிஷம் மிச்சம் இருந்தது, அண்ணாச்சி.

குருவம்மாள்


அருப்புக்கோட்டை
28.6.92

தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். சங்கத்தில் யாரும் இருக்கச் சொல்லவில்லை. பேருக்குக்கூட ஒருத்தரும் சொல்லவில்லை. போன் மட்டும் கடையில்தான் இருக்கிறது. கேதம் என்று யார் கூப்பிட்டாலும் மதுரைக்குச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். என்ன ஊர், யார் என்றுகூடக் கேட்கமாட்டேன்.

ஒன்று செய். ஊர்ஊராகப் போகும்போது என் பெயரைச் சொல்லித் திட்டு. அந்தத் திமிர் பிடித்தவனை விரட்டிவிட்டோம், இனிமேல் பயமில்லை என்று சொல். என்னைத் திட்டினால்தான் கையெழுத்து விழும் என்றால் நன்றாகத் திட்டு. எனக்கு வருத்தமில்லை.

தங்கசாமி


கருவக்குடி
9.7.92

அண்ணாச்சிக்கு,

திட்டச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நான் சித்திரையில் இருந்தே திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் பதவியை விடும் முன்னாலேயே விரட்டியாயிற்று என்று சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், "அந்தாளு இருக்காரா?" என்பதுதான் முதல் கேள்வி. "இல்ல, தொலைச்சாச்சு" என்றால்தான் தண்ணீரே கொடுக்கிறார்கள்.

திரும்பி வந்த பாரத்தில் பத்தொன்பதுக்கு மறுபடியும் கையெழுத்து வந்துவிட்டது. உக்கிரபாண்டி அண்ணனே தன் கடைசித் தங்கச்சி பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கடைக்குப் போன் வந்திருக்கும். அது பந்தல்குடிக்குக் கிழக்கே ஒரு ஊர். சின்னத்துரை என்பவர் பெண்டாட்டி, முப்பத்தாறு வயசு, பாம்பு கடித்துவிட்டது. புருஷன் கையெழுத்து இருந்தது, அண்ணன்மார் மூன்று பேர் கையெழுத்தும் இருந்தது. மூன்று பேரும் நேரத்துக்கு வந்து முகம் பார்த்து, கோடி போட்டு, தள்ளி நின்றார்கள். ஒருத்தர் ஜீப் டிரைவருக்குக் காப்பிகூட வாங்கிக் கொடுத்தார். இரண்டு கண்ணும் மதுரைக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் இதுதான் முதல். ஜீப் கிளம்பினதும் நான் ரோட்டில் நின்று அழுதேன்.

பிறகு பாரத்தை மடித்து வைக்கும்போதுதான் பார்த்தேன். அவள் கைநாட்டு வைக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. புருஷனிடமும் அண்ணன்மாரிடமும் மூன்று ஊருக்கு நடந்து வாங்கியிருக்கிறேன், அவளிடம் கேட்கவே இல்லை. நான் போன அன்றைக்கு அவள் மிளகாய்க் காட்டில் இருந்தாள். அண்ணன்மாருக்கும் அது தோன்றவில்லை, டாக்டருக்கும் தோன்றவில்லை. நாலு கையெழுத்து இருந்தால் யாருக்குத் தோன்றும்?

நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள். அந்த வாசலிலேயே, எல்லாருக்கும் முன்னால், "இந்தப் பெண் சரியென்று சொன்னாளா?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டிருந்தால் அந்தக் கண்ணும் மண்ணுக்குத்தான் போயிருக்கும்.

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும், அண்ணாச்சி? நாளைக்கு இரண்டு ஊருக்குப் போக வேண்டும், உங்களைத் திட்ட வேண்டும்.

குருவம்மாள்